பன்னிரண்டு மணி கோர்த்த வளையம்

போன நோன்பின் இரண்டாம் கிழமை. கல்முனைக்குடியில் எங்கட கூட்டாளி ஒருத்தரின் வீடு. அஸர் முடிஞ்சு கஞ்சி அடுப்பில் கிடக்குது. நாங்கள் நாலு பேரும் கெம்பஸ் லீவில் ஊருக்கு வந்திருந்தோம். அந்த நேரம் பார்த்து லாபில் இருந்து மூத்தம்மாவின் இரத்த ரிப்போர்ட் வந்தது.

மூத்தம்மாவுக்கு எழுபது தாண்டிட்டுது. சீனி வருத்தம் இருபது வருஷமா இருக்குது. அதன் பின்னால் சிறுநீரகமும் பழுதாகத் தொடங்கியிருந்தது. ரிப்போர்ட்டில் ஒரே ஒரு இலக்கம் தடித்த எழுத்தில் நின்றது. பொற்றாசியம் 6.2. பக்கத்தில், இருக்க வேண்டிய அளவு 3.5 தொடக்கம் 5.0 வரை என்று போட்டிருந்தது.

எங்களில் யாருக்கும் அது என்னவென்று விளங்கவில்லை. நாங்கள் கலைப்பீடம். ஓ.எல். விஞ்ஞானத்தோடு சலாம் சொல்லிப் பிரிஞ்ச ஆக்கள். போனில் கேட்ட டொக்டர் மட்டும் குரலை மாற்றினார். "நோன்பை விடச் சொல்லுங்க. பேரீத்தம்பழம், வாழைப்பழம், இளநீர் ஒண்டும் குடுக்க வேணாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

மூத்தம்மா நம்பவே இல்லை. "ஒரு பேரீத்தம்பழத்தாலயா மனே நான் மவுத்தாகப் போறன்?" என்று கேட்டா. எங்களிடம் பதில் இருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இதயத் துடிப்பைப் பதிவு செய்தார்கள். பழுதில்லை. மறுபடி இரத்தம் எடுத்தார்கள். இரண்டாம் தடவை 5.3. முதல் தடவை எடுத்த இரத்தத்தில் சிவப்புக் கலங்கள் உடைஞ்சு போயிருந்ததாம். அதனால்தான் இலக்கம் ஏறிக் காட்டியிருக்குது. இரவு பத்து மணிக்கு வீட்டுக்குத் திரும்பினோம். ஆனா கேள்வி எங்களை விடவில்லை. உடம்புக்குள் ஓடுற ஒரு உப்பை ஒரு மெசின் எப்படி எண்ணுது? சோடியமும் பொற்றாசியமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி என்றுதானே படிச்சோம்? இதையெல்லாம் யார், எப்போ கண்டுபிடித்தார்கள்?

தேடிப் போனபோது ஒரு வளையத்தில் போய் முட்டினோம். பன்னிரண்டு மணி கோர்த்த ஒரு சின்ன வளையம். அதன் பெயர் வாலினோமைசின். இந்தக் கட்டுரை அதன் வரலாறு. வரலாறு படிக்கிற ஆக்கள் நாங்கள் என்பதால், எங்களுக்குத் தெரிஞ்ச வழியில் சொல்லிப் பார்க்கிறோம்.

முதலில் மணிகள்

எங்கட உடம்பில் உள்ள புரதங்கள் எல்லாம் அமினோ அமிலம் என்ற மணிகளால் கோர்த்த மாலைகள். அடிப்படையில் இருபது வகை மணி. ஒரு சின்ன மாலை என்றால் அதற்குப் பெயர் பெப்டைட். ஒரு மணியையும் அடுத்த மணியையும் இணைக்கிற கொழுக்கியில் ஒரு நைதரசன் அணு இருக்கும். அதோடு ஒரு ஐதரசன் ஒட்டிக்கொண்டிருக்கும். இந்த 'நைதரசன், ஐதரசன்' சோடியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதை முழுக்க அதுதான் வரப்போகுது.

தஸ்பீஹ் மணியை யோசித்துப் பாருங்கள். எல்லாம் ஒரே சந்தன மணி. இடையில் ஒரு கண்ணாடி மணியைக் கோர்த்தால்? நூலில் அது போகும். ஆனா கை அதைத் தனியாக உணரும். இயற்கையும் இப்படிச் செய்கிறது. சில பக்டீரியாக்களும் பூஞ்சணங்களும் தங்கட பெப்டைட் மாலையில், அமினோ அமிலம் அல்லாத மணிகளையும் கோர்க்கின்றன. அதிகம் கோர்க்கிறது ஐதரொட்சி அமிலம். அமினோ அமிலத்தில் நைதரசன் இருக்கும் இடத்தில் இதற்கு ஒட்சிசன் இருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். எங்கட ஊர் எருமைத் தயிரைப் புளிக்க வைக்கிற இலற்றிக் அமிலமும் ஒரு ஐதரொட்சி அமிலம்தான்.

இப்படிக் கலப்பு மணி கோர்த்த மாலைக்கு டெப்சிபெப்டைட் என்று பெயர். பெயரிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. 'பெப்டைட்' என்ற சொல்லை 1902இல் தந்தவர் ஜேர்மன் இரசாயனவியலாளர் எமில் பிஷர். அதன் கிரேக்க வேருக்குச் சமிபாடு என்று பொருள். முன்பாதியில் இருக்கிற 'டெப்சி'யும் அவர் வைத்த இன்னொரு பெயரில் இருந்து வந்ததுதான். அந்தக் கிரேக்க வேருக்குத் தோல் பதனிடுதல் என்று பொருள். தோல் பதனிடுகிற சாயப் பொருட்களை ஆராய்ந்தபோது அவர் அந்தப் பெயரைப் போட்டார். ஆக, வயிற்றில் இருந்து பாதி, தோல் தொழிலில் இருந்து பாதி.

கோற்றிங்கன், மொஸ்கோ

1955. ஜேர்மனியின் கோற்றிங்கன் நகரம். அந்தக் காலம் அன்டிபயோற்றிக் வேட்டைக்காலம். பென்சிலினும் ஸ்ரெப்டோமைசினும் வந்த பிறகு, உலகம் முழுக்க மண்ணை அள்ளி, அதில் உள்ள நுண்ணுயிர்களை வளர்த்து, புது மருந்து தேடினார்கள். ஹான்ஸ் புறொக்மன், குந்தர் ஷ்மிற்-காஸ்ற்னர் என்ற இருவர் ஸ்ரெப்டோமைசிஸ் புல்விசிமஸ் என்ற மண் பக்டீரியாவில் இருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதில் வலின் என்ற அமினோ அமிலம் நிறைய இருந்தது. அதனால் வாலினோமைசின் என்று பெயர் வைத்தார்கள்.

உடைத்துப் பார்த்தபோது நாலு வகை மணி இருந்தது. இரண்டு வலின்: ஒன்று வலக்கை வடிவம், மற்றது இடக்கை வடிவம். மிச்சம் இரண்டும் அமினோ அமிலம் இல்லை. ஒன்று இலற்றிக் அமிலம், மற்றது ஐதரொட்சி ஐசோவலரிக் அமிலம். இந்த நாலும் ஒழுங்காக மாறி மாறி வந்து வளையமாக மூடுகின்றன என்று அவர்கள் சரியாகச் சொன்னார்கள். ஆனா அந்த நாலு மணித் தொகுதி எத்தனை தடவை வருகிறது? அவர்கள் போட்ட கணக்கு இரண்டு தடவை. அதாவது எட்டு மணி வளையம்.

அங்கே ஒரு பிழை விட்டிருந்தது. அது வெளியே வந்தது மொஸ்கோவில். மிகைல் ஷெமியாகினின் குழு இந்த டெப்சிபெப்டைட்டுகளைச் செயற்கையாகச் செய்யும் வேலையில் இறங்கியிருந்தது. எழுதி வைத்தபடியே எட்டு மணி வளையத்தைச் செய்து பார்த்தார்கள். அது வாலினோமைசின் மாதிரி நடந்துகொள்ளவில்லை. பக்டீரியாவையும் கொல்லவில்லை. பிறகு தொகுதியை மூன்று தடவை வைத்துப் பன்னிரண்டு மணி வளையம் செய்தார்கள். அது அச்சொட்டாக வாலினோமைசின். 1963இல் அந்த முடிவு வெளிவந்தது.

பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம் அது. கியூபா ஏவுகணை நெருக்கடி நடந்து ஒரு வருஷமும் ஆகவில்லை. ஒரு மேற்கு ஜேர்மன் ஆய்வில் இருந்த பிழையை ஒரு சோவியத் குழு கண்டுபிடித்தது. யாரும் யாரையும் திட்டவில்லை. வளையத்தைச் செய்து காட்டினார்கள். வாதம் முடிஞ்சுது.

அதே 1963, மதராஸ்

இதே வருஷம், எங்கட கரைக்கு எதிர்க்கரையில் இன்னொரு வேலை நடந்தது. மதராஸ் பல்கலைக்கழகத்தில் கோ. நா. ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் என்ற மூவரும் நாலைந்து பக்கக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார்கள். இன்று உலகில் புரத வடிவம் படிக்கிற எந்த மாணவரும் 'ராமச்சந்திரன் வரைபு' படிக்காமல் பட்டம் எடுக்க முடியாது. அந்த வரைபின் பிறப்பிடம் இதுதான்.

அதன் பின்னணியும் ஒரு பிழை சொல்லிய கதைதான். 1952இல் பிரித்தானிய விஞ்ஞானி பெர்னால் மதராசுக்கு வந்திருந்தார். எங்கட தோலிலும் எலும்பிலும் இருக்கிற கொலாஜன் என்ற புரதத்தின் வடிவம் இன்னும் சரியாகத் தெரியாது என்று அவர் சொன்னதைக் கேட்டு ராமச்சந்திரன் அந்த வேலையைத் தொடங்கினார். மாதிரிக்கு எங்கே போவது? பக்கத்து அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. அங்கிருந்து கங்காரு வாலின் தசைநாண் கிடைத்தது. 1954இல் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து, கொலாஜன் மூன்று இழை முறுக்கிய கயிறு என்று எழுதினார். தோல் தொழில் இங்கேயும் வந்து நிற்பதைக் கவனியுங்கள்.

இங்கிலாந்தில் பிரான்சிஸ் கிறிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் ஒரு குறை சொன்னார்கள். நீங்கள் சொல்கிற வடிவத்தில் சில அணுக்கள் ஒன்றையொன்று அளவுக்கு மிஞ்சி நெருங்குகின்றன என்பது அந்தக் குறை. மதராஸ்காரர்கள் கோபித்துக்கொண்டு இருக்கவில்லை. அணுக்கள் எவ்வளவு தூரம் நெருங்கலாம் என்பதை, அதுவரை வெளிவந்த எல்லா அளவீடுகளையும் எடுத்துத் தாங்களே கணக்குப் பார்த்தார்கள். பெப்டைட் மாலையில் ஒவ்வொரு மணியும் இரண்டு இடத்தில்தான் சுழலலாம். எந்தக் கோணத்தில் சுழன்றால் அணுக்கள் இடிபடாது, எந்தக் கோணத்தில் இடிபடும்? அதைப் படமாகப் போட்டார்கள். அதுதான் அந்த வரைபு.

வாலினோமைசினுக்கும் இதற்கும் என்ன உறவு? அந்த வரைபு இடக்கை வடிவ அமினோ அமிலத்துக்கு வரைந்தது. எங்கட புரதங்கள் எல்லாம் அந்த வகைதான். வலக்கை வடிவத்துக்கு அதே படத்தைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். இரண்டும் கலந்து கோர்த்தால் சாதாரண புரதம் போக முடியாத வளைவுகளில் மாலை போகும். 1972இல் ராமச்சந்திரனும் சந்திரசேகரனும் இந்தக் கலப்பு மாலைகளைப் பற்றியே எழுதினார்கள். அப்போது ராமச்சந்திரன் பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவனத்துக்குப் போய், அங்கே மூலக்கூற்று உயிர்ப்பௌதிகப் பிரிவைத் தொடங்கியிருந்தார்.

வளையம் என்ன செய்யுது?

1964இல் அமெரிக்காவில் மூரும் பிரஸ்மனும் வாலினோமைசினை இழைமணியில் போட்டுப் பார்த்தார்கள். இழைமணி என்றால் கலத்துக்குள் சக்தி தயாரிக்கிற அடுப்பு. வாலினோமைசின் போட்டதும் வெளியே இருந்த பொற்றாசியம் வேகமாக உள்ளே போனது. சோடியம் அப்படிப் போகவில்லை.

கலத்தைச் சுற்றியிருப்பது எண்ணெய் மாதிரி ஒரு மென்சவ்வு. பொற்றாசியம் மின்னேற்றம் கொண்ட அயன். தண்ணீர்தான் அதன் வீடு. எண்ணெய்க்குள் அது தானாக நுழையாது. வாலினோமைசின் அதற்குத் தோணி. பொற்றாசியத்தை நடுவில் ஏற்றி, வெளிப்பக்கம் எண்ணெய்க்குப் பிடித்த கொழுப்புத் தன்மையோடு, மென்சவ்வைக் கடந்து மறுகரையில் இறக்கும். திரும்பி வந்து அடுத்ததை ஏற்றும்.

இங்கேதான் அமினோ அமிலம் அல்லாத மணிகளின் வேலை தெரிகிறது. வளையத்தில் ஆறு கொழுக்கிகள் சாதாரண பெப்டைட் கொழுக்கி. அவற்றில் 'நைதரசன், ஐதரசன்' சோடி இருக்கிறது. அந்த ஆறு சோடியும் வளையத்தின் மற்றப் பக்கங்களைப் பிடித்து இழுத்து, வளையத்தை ஒரு காப்பு மாதிரி மடித்து வைத்திருக்கின்றன. மிச்ச ஆறு கொழுக்கிகள் எசுத்தர் கொழுக்கி. அவற்றில் அந்தச் சோடி இல்லை. அவற்றின் ஆறு ஒட்சிசன்களும் உள்நோக்கிப் பார்த்துக்கொண்டு பொற்றாசியத்தைப் பிடிக்கின்றன. பாதி மணிகள் காப்பைக் கட்டி நிற்க, பாதி மணிகள் கைநீட்டுகின்றன.

சோடியத்தை ஏன் ஏற்றாது? சோடியம் சின்னது. எந்த அயனும் தோணியில் ஏற முன்னம் தன்னைச் சுற்றியுள்ள தண்ணீர் மூலக்கூறுகளைக் கழற்றி வைக்க வேண்டும். அதற்குச் சக்தி செலவாகும். பொற்றாசியம் அந்தக் காப்புக்குள் அளவாக உட்காரும். ஆறு ஒட்சிசனும் கையெட்டும் தூரத்தில் இருக்கும். கழற்றிய தண்ணீருக்கு ஈடு கிடைத்துவிடும். சோடியம் உள்ளே போனால் ஆறு கையும் எட்டாது. காப்பு அதற்குமேல் சுருங்காது. நட்டம். அதனால் அது வெளியிலேயே நிற்கும். சோடியத்தை விடப் பொற்றாசியத்தை வாலினோமைசின் விரும்புவது சுமார் 10,000 மடங்கு.

இந்த வடிவத்தைக் கண்ணால் பார்த்தது பளிங்கு ஆய்வில். பொற்றாசியம் ஏற்றிய வடிவம் 1969இல் வந்தது, வெறும் வளையத்தின் வடிவம் 1972இல். 1975இல் இசபெல்லா கார்லும் வெறும் வளையத்தின் அமைப்பை வெளியிட்டார். போலந்தில் இருந்து குடியேறிய குடும்பத்தின் மகள். அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடத்தில் வாழ்நாள் முழுக்க வேலை செய்தவர். பளிங்கு ஆய்வு முறைக்காக 1985இல் அவருடைய கணவர் ஜெரோம் கார்லுக்கும் ஹேர்பேர்ட் ஹவுப்ற்மனுக்கும் நொபெல் பரிசு கிடைத்தது. அந்த முறையை நடைமுறையில் ஓட்டிக் காட்டியவர் இசபெல்லா. அவருக்குக் கிடைக்கவில்லை. இது எங்களுக்குப் புதுக்கதை இல்லை. யார் சமைத்தது, யாருக்குப் பேர் போனது என்று எங்கட வீடுகளிலும் கேட்கலாம்.

அதே இசபெல்லா கார்ல் பிறகு பெங்களூரில் ப. பலராமின் குழுவோடு சேர்ந்து பல வருஷம் வேலை செய்தார். பெங்களூரில் பெப்டைட்டைச் செய்வார்கள், அமெரிக்காவில் பளிங்கைப் படம் பிடிப்பார்கள். உடம்பு பாவிக்கிற இருபது வகைக்கு வெளியே உள்ள மணிகளைக் கோர்த்தால் மாலை எப்படி மடியும் என்பதுதான் அந்தக் கூட்டு வேலையின் மையம். ராமச்சந்திரன் தொடங்கிய அதே பிரிவில்தான் பலராமும் இருந்தார்.

லாப் மெசினுக்குள்

வாலினோமைசின் மருந்தாக வரவில்லை. பக்டீரியாவின் மென்சவ்வு, எங்கட மென்சவ்வு என்று அது பாகுபாடு பார்க்காது. எங்களுக்கும் நஞ்சு. அன்டிபயோற்றிக் வேட்டையின் கணக்கில் அது ஒரு தோல்வி.

அதைத் தூக்கி எடுத்தது சூரிச்சில் வில்ஹெல்ம் சைமனின் ஆய்வுகூடம். 1966இல் அவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். இந்த மாதிரி அயன் தோணிகளை ஒரு சவ்வில் ஊற வைத்தால், அந்தச் சவ்வு ஒரு குறிப்பிட்ட அயனுக்கு மட்டும் மின்னழுத்தம் காட்டும். 1969இல் வாலினோமைசினை வைத்துப் பொற்றாசியம் அளக்கிற மின்வாயைப் பற்றி எழுதினார்கள்.

அதற்கு முந்தி இரத்தத்தில் பொற்றாசியம் அளக்க நெருப்பு வேண்டும். சுவாலை ஒளிமானி என்ற கருவியில் மாதிரியை நெருப்பில் தெளித்து, பொற்றாசியத்தின் மெல்லிய ஊதா ஒளி எவ்வளவு என்று பார்ப்பார்கள். ஏ.எல். இரசாயனவியல் படித்த கூட்டாளிமாருக்குச் சுவாலைச் சோதனை ஞாபகம் இருக்கும். வாயு சிலிண்டர் வேணும், நெருப்பு வேணும், பழகின கை வேணும். மின்வாய் வந்த பிறகு அது ஒரு பெட்டிக்குள் அடங்கிவிட்டது. இன்று ஆஸ்பத்திரிகளில் பொற்றாசியம் அளக்கிற மின்வாயின் சவ்வில் பெரும்பாலும் இருப்பது வாலினோமைசின்தான்.

ஒரு லீற்றர் இரத்தத் திரவத்தில் சோடியம் சுமார் 140 மில்லிமோல். பொற்றாசியம் நாலு, அஞ்சுதான். முப்பது பேர் கத்துகிற இடத்தில் ஒருவரின் குரலை மட்டும் கேட்க வேண்டும். அந்தக் காது வாலினோமைசின். மூத்தம்மாவின் ரிப்போர்ட்டில் இருந்த இலக்கம் அந்த வளையம் சொன்ன இலக்கம்.

முதல் தடவை 6.2 வந்ததற்கு வளையம் பொறுப்பில்லை. இரத்தத்தில் பொற்றாசியம் கொஞ்சம்தான், ஆனா கலங்களுக்குள்ளே அது லீற்றருக்கு 140 மில்லிமோல் வரை இருக்கிறது. இரத்தம் எடுக்கும்போதோ கொண்டுபோகும்போதோ சிவப்புக் கலங்கள் உடைந்தால் உள்ளே இருந்தது வெளியே கொட்டும். கையை இறுக்கிப் பொத்திப் பொத்தித் திறந்தாலும் இலக்கம் கொஞ்சம் ஏறும். வளையம் உண்மையைத்தான் எண்ணியது. குழாய்க்குள் இருந்த இரத்தம்தான் மூத்தம்மாவின் உடம்பில் ஓடுகிற இரத்தம் மாதிரி இருக்கவில்லை. ஆவணம் ஒன்றைக் கையில் எடுத்தால், அது எப்படி உருவானது என்று முதலில் கேட்கச் சொல்லி வரலாற்று வகுப்பில் எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். லாப் ரிப்போர்ட்டும் ஆவணம்தான்.

அதே குடும்பம், சோற்றுப் பானையில்

இந்த வளையத்துக்கு ஒரு ஒன்றுவிட்ட சகோதரம் இருக்கு. அது எங்கட குசினியில் இருக்கு.

பசிலஸ் சீரியஸ் என்ற பக்டீரியா மண்ணிலும் அரிசியிலும் சாதாரணமாக இருப்பது. அதன் வித்திகள் சோறு அவிக்கிற சூட்டில் சாகாது. அவித்த சோற்றை மணிக்கணக்காக வெளியே வைத்தால் வித்திகள் விழித்துப் பெருகும். சில வகைகள் அப்போது சீரியுலைட் என்ற நஞ்சைத் தயாரிக்கும். 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் மீந்த சோற்றில் செய்த பிரைட் ரைஸ் சாப்பிட்டவர்கள் வாந்தி எடுத்த சம்பவங்கள் அடுத்தடுத்துப் பதிவாகின. நஞ்சு எது என்று 1990களில்தான் ஜப்பானிய ஆய்வாளர்கள் பிரித்துக் காட்டினார்கள்.

அதுவும் பன்னிரண்டு மணி வளையம். அதிலும் நாலு மணித் தொகுதி மூன்று தடவை. அதிலும் பாதி அமினோ அமிலம், பாதி ஐதரொட்சி அமிலம். அதுவும் பொற்றாசியத் தோணி. மணிகள் சிலதான் வேறு. 1997இல் சுவிற்சர்லாந்தில் இருந்து ஒரு மரணம் மருத்துவ சஞ்சிகையில் பதிவானது. பழைய ஸ்பகெற்றியைச் சூடாக்கிச் சாப்பிட்ட 17 வயதுப் பையன், ஈரல் செயலிழந்து இறந்திருந்தான்.

முக்கியமான விசயம் இதுதான்: மறுபடி சூடாக்கினால் பக்டீரியா சாகும், நஞ்சு சாகாது. இந்த வளையம் 121 பாகை செல்சியசில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் தாங்கும். எங்கட அடுப்பால் அதை ஒன்றும் செய்ய முடியாது. கலியாண வீட்டில் மிஞ்சின சோற்றை அடுத்த நாள் "நல்லாச் சூடாக்கினாச் சரி" என்று சொல்கிறோமே, அந்தப் பேச்சுக்கு இங்கே இடமில்லை. சோறு மிஞ்சினால் ஆறவிட்டு விடியும் வரை வைக்காமல், கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து கெதியாகக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். பாதுகாப்பு அங்கேதான் இருக்கு.

ஒரு நைதரசனை மாற்றினால்

இன்னொரு கதை. 1950களில் போர்னியோக் காட்டு மண்ணில் இருந்து வன்கோமைசின் என்ற அன்டிபயோற்றிக் கிடைத்தது. 1958இல் அமெரிக்காவில் பாவனைக்கு வந்தது. மற்ற மருந்து கேட்காத கிருமிக்குக் கடைசி ஆயுதம் என்று பெயர் எடுத்தது. பக்டீரியா தன் சுவரைக் கட்டும்போது ஒரு சின்னப் பெப்டைட்டைப் பாவிக்கும். அதன் வால் முனையில் அலனின் என்ற அமினோ அமிலம் இரண்டு இருக்கும். வன்கோமைசின் அந்த வாலைப் பிடித்துக்கொள்ளும். சுவர் எழும்பாது.

முப்பது வருஷம் தாக்குப் பிடித்தது. 1988இல் ஐரோப்பாவில் இருந்து வன்கோமைசினுக்கு அடங்காத என்றரோகொக்கஸ் கிருமிகள் பற்றிய அறிக்கைகள் வந்தன. அவை என்ன செய்திருந்தன என்பது 1990களின் தொடக்கத்தில் தெரியவந்தது. வாலின் கடைசி அலனினைக் கழற்றிவிட்டு அங்கே இலற்றிக் அமிலத்தை வைத்திருந்தன. எங்கட தயிரின் அமிலம்தான். 'நைதரசன், ஐதரசன்' சோடி போய் ஒட்சிசன் வந்துவிட்டது. மருந்தின் பிடி சுமார் 1,000 மடங்கு தளர்ந்தது. ஒரு மணியைத்தான் மாற்றினது. ஆஸ்பத்திரி வாட்டில் அதற்கு விலை உயிர்.

வளையத்தின் பலமும் இதே மாற்றத்தில் இருந்துதான் வந்தது, மருந்தின் தோல்வியும் இதே மாற்றத்தில் இருந்துதான் வந்தது.

திரும்பவும் கல்முனைக்குடி

இதை ஏன் எழுதினோம்? எங்கட நாட்டில் சிறுநீரக நோய் சின்ன விசயமில்லை. வட மத்திய மாகாணத்தில் 1990களில் இருந்து, காரணம் சரியாகத் தெரியாத சிறுநீரக நோயால் விவசாயக் குடும்பங்கள் அழிஞ்சுகொண்டு வருகின்றன. எங்கட கரையில் சீனியும் பிரசரும் இல்லாத வீடு தேட வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு, மிஞ்சின பொற்றாசியத்தை வெளியேற்ற வழி குறைவு. அது ஏறினால் இதயத்தின் தாளம் குழம்பும். 100 கிராம் பேரீத்தம்பழத்தில் பொற்றாசியம் ஏறக்குறைய 650 மில்லிகிராம். மற்ற ஆக்களுக்கு அது நல்ல சாப்பாடு. மூத்தம்மாவுக்குக் கணக்குப் பார்த்துச் சாப்பிட வேண்டியது. இந்தக் கணக்கைச் செய்ய ஒரு இலக்கம் வேணும். அந்த இலக்கத்துக்குப் பின்னால் கோற்றிங்கன், மொஸ்கோ, சூரிச், கொஞ்சம் மதராசும் பெங்களூரும் இருக்கிறது.

இதெல்லாம் தெரிஞ்சிருந்தால் அன்றைக்கு நாங்கள் செய்திருப்போமே என்று நினைக்கிற வேலை இரண்டே இரண்டுதான். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருப்போம். அதை யாரும் தள்ளிப்போடக் கூடாது. 6.2 உண்மையாகவும் இருந்திருக்கலாம். போகிற வழியில் மூத்தம்மாவுக்கு அது ஏன் என்று சொல்லியிருப்போம். "டொக்டர் சொன்னார்" என்று மட்டும் சொல்லி அவவை அழ வைத்திருக்க மாட்டோம்.

அந்த வருஷ மிச்ச நோன்பை மூத்தம்மா பிடிக்கவில்லை. ஃபித்யா கொடுத்தா. முதல் ரெண்டு மூன்று நாள் யாரோடும் கதைக்கவில்லை. பிறகு ஒரு நாள் மஃரிபுக்கு எங்களோடு வந்து உட்கார்ந்தா. அரைப் பழம் எடுக்கலாம் என்று டொக்டரிடம் கேட்டு வைத்திருந்தோம். தஸ்பீஹைக் காட்டி, பன்னிரண்டு மணியை விரலால் எண்ணி, இந்த வளையத்தின் கதையைச் சொன்னோம். எவ்வளவு விளங்கியதோ தெரியாது. முழுக்கக் கேட்டா. கடைசியில் மிச்ச அரைப் பழத்தை எங்கட பக்கம் தள்ளிவிட்டு, "அந்த மெசினுக்குள்ள இருக்கிறவனுக்கும் நோன்பா மனே?" என்று கேட்டா.

சிரித்தோம். பதில் அன்றைக்கும் எங்களிடம் இருக்கவில்லை.